மிஷின் மெதுவா, ஆள் மெதுவா?

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் புல்லட். புல் வெட்டுகிறவர், அதையும் ஓட்டமும் நடையுமாக வெட்டுகிறவர் என்பதால் ஆம்புலன்ஸ் டிரைவர் விளையாட்டாக வைத்த பெயர். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள்கூட “புல்லட் அண்ணே, அந்த ரோஜாவுல பூச்சி விழுந்திருக்கு பாருங்க” என்பார்கள். சம்பளப் பதிவில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மனுஷன் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நடு முற்றத்தில் புல்லும் இல்லை, பூண்டும் இல்லை. கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன உடைந்த செங்கல்லும் இறுகிப்போன சிமெண்டு மூட்டைகளும்தான் கிடந்தன. தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் இவரை வைத்தார்கள். புல் வளர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் கண்ணயரும் நேரத்தில் இவர் கல் பொறுக்கினார். எங்கெங்கோ கெஞ்சி வாங்கிவந்த புல்லை ஒரு விரல் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக நட்டார். இன்றைக்கு ஆபரேஷன் முடிந்தவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவது அந்தப் புல்வெளி ஓரத்தில்தான். அதன் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம், அதைவிட அதிகமாகத் திமிர். ஒரு தடவை பெரிய டாக்டரே டீ குடித்த கப்பைப் புல்லில் போட்டுவிட்டுப் போக, இவர் அதை எடுத்துக்கொண்டு அவர் அறை வரைக்கும் போய், “சார், இதை மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க” என்று நீட்டியிருக்கிறார். பெரிய டாக்டரும் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

அப்படிப்பட்டவருக்குத்தான் அது நடந்தது. மழை விட்டுப் புல் கொழுத்திருந்த சமயம். அவர் தள்ளிக்கொண்டு போகிற கரண்டுப் புல்வெட்டு மிஷினுக்கு அடியில் ஈரப்புல் பிளேடைச் சுற்றி அடைத்துக்கொண்டது. சுவிட்சை விட்டார். மிஷினைச் சாய்த்துக் கையை உள்ளே விட்டார். சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். ஊருக்கெல்லாம் அதைப் பாடம் எடுத்த மனுஷன், அன்றைக்கு எந்த அவசரத்தில் இருந்தாரோ தெரியவில்லை. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. ஆபரேஷன் தியேட்டர் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் ரத்தம் அதிகம் போகவில்லை, அதிர்ஷ்டக்காரர் என்றார்கள். அதிர்ஷ்டமாம்! சொல்கிறவர்களுக்கு என்ன, விரல் அவர்களுடையதா?

காயம் ஆறியது. மறுபடி வேலைக்கு வந்தார். வந்த முதல் நாளே மிஷின் மக்கர் செய்தது.

ஓடாமல் இல்லை, ஓடியது. ஆனால் பிளேடு சுற்றுவதில் உயிர் இல்லை. முன்பெல்லாம் சுவிட்சை அழுத்தினால் ‘ஙீ’ என்று ஒரே மூச்சில் மேலே ஏறும் சத்தம், இப்போது பாதியிலேயே முனகிக்கொண்டு நின்றது. புல் வெட்டுப்படவில்லை, தலை வாரிவிட்ட மாதிரி ஒரு பக்கமாகப் படுத்தது. கொஞ்சம் அடர்ந்த இடத்துக்குப் போனால் போதும், திணறி நின்றுவிடும். அவர் சுவிட்சை விட்டு, கைப்பிடிக்குப் பக்கத்தில் வயரைக் கழற்றி, அதன் முனையைத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, பிளேடு முழுக்க நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, அடைப்பை எடுத்துவிட்டு, மறுபடி மாட்டுவார். விரல் போனதிலிருந்து இப்படி ஒரு வழக்கம். வயர் முனை தன் கழுத்தில் இருந்தால் வேறு யாரும் மாட்ட முடியாதல்லவா?

“என்ன புல்லட் அண்ணே, ஸ்டெதாஸ்கோப்பா? டாக்டராயிட்டீங்களா?” என்றான் ஆம்புலன்ஸ் டிரைவர்.

“ஆமாடா, வா, மொதல்ல உன் வாயைத்தான் ஆபரேஷன் பண்ணணும்” என்றார்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. வெளி நோயாளிகள் கூட்டம் சேருவதற்கு முன்னால் முழுப் புல்வெளியையும் முடித்துவிடுகிறவர், இப்போது உச்சி வெயில் வந்தும் பாதியில் நின்றார். ஒரு பக்கம் கட்டையாகவும் ஒரு பக்கம் காடாகவும் கிடந்ததை மேனேஜர் மாடி ஜன்னல் வழியாக இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட்டனுப்பினார்.

“கை இன்னும் சரியாகலையா?” என்றார் மேனேஜர்.

“கைக்கு ஒண்ணும் இல்ல சார். மிஷின்தான் மெதுவா ஓடுது. மோட்டார்ல ஏதோ கோளாறு.”

“மிஷின் மெதுவா ஓடுதா, நீங்க மெதுவா ஓட்டுறீங்களா?” மேனேஜர் சிரித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு முடியலைன்னா சொல்லிடுங்க. வாசல்ல டோக்கன் குடுக்கிற இடத்துல உக்காந்துக்கலாம், சம்பளம் குறையாது. புல்லை வெளியில இருந்து ஆளுங்க பெரிய மிஷினோட வந்து வெட்டிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் இவரும் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பார். டோக்கன் கொடுப்பதாம்! தான் கல் பொறுக்கி வளர்த்த புல்லை எவனோ வந்து வெட்டிப்போவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாம்! மாடிப்படி இறங்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா அவமானமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மெதுவாக ஓடுவது மிஷின்தான் என்று நிரூபிக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். வேறு எதுவும் அவர் மண்டைக்குள் ஏறவில்லை.

அன்றைக்கே மிஷினைக் கவிழ்த்தார். அடித்தகட்டில் காய்ந்து அப்பிக்கிடந்த புல்லையும் மண்ணையும் சுரண்டி எடுத்தார். பிளேடைக் கழற்றினார். எட்டு விரலை வைத்துக்கொண்டு ஸ்பேனரைப் பிடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. பிளேடின் முனை மழுங்கியிருந்தது உண்மைதான். அரம் வைத்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தீட்டினார். நடுத் துளையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் கனத்து இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. வளைவு மேலே பார்க்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து மாட்டி, முடுக்கி, ஓட்டிப் பார்த்தார். அதே முனகல்.

சரி, பேரிங் போயிருக்கும் என்று நினைத்தார். வயரைக் கழற்றிவிட்டு, கனமான கையுறை போட்டுக்கொண்டு பிளேடைத் தள்ளிவிட்டால், அது பாட்டுக்கு வழுவழுவென்று சுற்றியது. கரகரப்பு இல்லை, ஆட்டம் இல்லை. அப்படியானால் கார்பன் தேய்ந்திருக்கும். மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்னக் கட்டிகள் அவை. தேய்ந்தால் மோட்டார் சோர்ந்துவிடும். மூடியைத் திறந்து வெளியே எடுத்தார். இன்னும் ஒரு வருஷத்துக்கு வரும்போல நீளமாகத்தான் இருந்தன. துடைத்து உள்ளே போட்டார். ஊஹூம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மிஷினில் கோளாறு இல்லை என்பதற்காக யாராவது அழுவார்களா? அவர் அழுகிற நிலைமைக்கு வந்திருந்தார். மிஷினில் கோளாறு இல்லை என்றால் கோளாறு வேறு எங்கே என்று மேனேஜர் கேட்பாரே.

வியாழக்கிழமை காலையில் மிஷினை ஆம்புலன்ஸ் டிரைவரின் உதவியோடு ஆட்டோவில் ஏற்றி மோட்டார் கடைக்குக் கொண்டுபோனார். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவதில் கெட்டிக்காரர் கடைக்காரர். அவர் மிஷினின் பிளக்கை எடுத்துத் தன் கடைச் சுவரில் சொருகிச் சுவிட்சை அழுத்தினார். ‘ஙீ’ என்று கடையே அதிர்ந்தது. மேஜையில் கிடந்த திருகாணிகள் குதித்தன.

“இதுக்கு என்ன குறைச்சல்? குதிரை மாதிரி ஓடுது!” என்று திரும்பினால் புல்லட்டைக் காணோம். கடைக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

“அங்க எதுக்குப் போனீங்க?”

“மழை வருதான்னு பாத்தேன்” என்றார் புல்லட். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் மோட்டாரை அணைத்துவிட்டு, “நீங்க கரண்டு எடுக்கிற வயர் எப்படி? நீளமா இழுக்கிறீங்களா? மெல்லிசா இருந்தா வழியிலயே கரண்டு செத்துடும். மோட்டாருக்கு அரை வயிறுதான் கிடைக்கும். அப்படியே ஓட்டினா காயில் கருகிடும், சொல்லிட்டேன்” என்றார்.

“என் வயரா? யானையையே கட்டலாம்! நானே பாத்துப் பாத்து வாங்கினது.” சுருக்கென்று கோபம் வந்துவிட்டது அவருக்கு. எதைச் சொன்னாலும் பொறுப்பார், தன் வயரைச் சொன்னால் பொறுக்க மாட்டார்.

ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே வந்தது. அவர் மிஷினுக்குக் கரண்டு எடுப்பது துணி துவைக்கும் கூடத்திலிருந்துதான். அதன் ஜன்னல் புல்வெளியைப் பார்த்து இருக்கிறது. வயர் சுற்றிய உருளையும் அந்த ஜன்னலுக்கு அடியிலேயே கிடக்கும். அங்கேதான் அவர் மனைவியும் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடிக்கிற வேலை. காலையில் அவர் ஜன்னலைத் தட்டினால் அவள் பிளக்கைச் சொருகி வயரை வெளியே விடுவாள். வேலை முடிந்ததும் துடைத்துச் சுற்றிவைப்பதும் அவள்தான்.

மிஷினைக் கூடத்துக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போய், நீள வயர் இல்லாமல் மிஷினின் பிளக்கையே நேராகச் சுவரில் சொருகினார். பாய்ந்து எழுந்தது சத்தம். சட்டென்று அணைத்துவிட்டார். பிறகு உருளையைப் புரட்டினார். நிறம் அதே ஆரஞ்சுதான். ஒரு தடவை மிஷின் சக்கரம் ஏறித் தோல் கிழிந்த இடத்தில் அவர் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். முழு வயரையும் இழுத்துப் போட்டுத் தேடினார். டேப்பைக் காணோம். இடது கை விரலுக்கிடையில் வயரை உருட்டினார். மெல்லிசு! திருவிழா விளக்குக்கு இழுக்கிற வயர் மாதிரி மெல்லிசு! தொட்டுத் தொட்டுப் பார்த்த வயரை இத்தனை நாள் கவனிக்காமல், பிளேடு, பேரிங், கார்பன் என்று வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். விரல் போன கையில் தொட்டால் உணர்ச்சி சரியாகத் தெரிவதில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“இந்தா, இங்க வா!” என்று மனைவியைக் கூப்பிட்டார். மற்ற பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். “எவனோ நம்ம வயரைத் திருடிட்டு வேற வயரை வச்சிட்டான்! எந்த நாசமாப் போறவனோ! நான் மேனேஜர்கிட்ட போறேன். இந்த டிரைவர் பயலா இருந்தாலும் சரி, விட மாட்டேன்.”

அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

“யாரையும் சொல்லாதீங்க. நான்தான் மாத்தினேன்.”

அவருக்குக் காதில் விழுந்தது, ஆனால் புரியவில்லை. “என்ன மாத்தினே?”

“வயரை. நீங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தின நாள். கடையில அதே கலர்ல மெல்லிசா கேட்டு வாங்கினேன். பழசு அந்தப் பெட்டிக்குப் பின்னாடி இருக்கு.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“நீங்கதானே சொன்னீங்க? போன வருஷம் நம்ம வயரை ஜெனரேட்டருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு விளக்கு வயர்ல ஓட்டினீங்களே. ‘இந்த வேகத்துல வாழைப்பழம்கூட வெட்டாது’ன்னு திட்டிக்கிட்டே வந்தீங்க. வாழைப்பழம் வெட்டலைன்னா விரலையும் வெட்டாதுல்ல?” அவளுக்குக் குரல் உடைந்தது. “இன்னும் எட்டு இருக்குங்க. அதையாவது வச்சுக்கலாம்னு பாத்தேன்.”

“அடிப்பாவி!” என்று கத்தினார் புல்லட். “வாழைப்பழம் வெட்டாதுன்னா பேச்சுக்குச் சொல்றது! மெதுவா சுத்தினாலும் அது பிளேடுடி, எலும்போட எடுத்துட்டுப் போயிடும்! வேகம் இருந்தா புல்லு பறந்துடும், அடைக்காது. நீ வேகத்தைக் குறைச்சதுனாலதான் அடிக்கு ஒரு தரம் அடைச்சுது. இந்த ரெண்டு வாரத்துல நான் எத்தனை தடவை அதுக்கடியில கையை விட்டேன் தெரியுமா? முன்னாடி ஒரு வருஷத்துல விட்டிருக்க மாட்டேன்!”

அவள் முகம் வெளிறிவிட்டது. அப்படியே துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, அது இவ்வளவு கொடூரமாக இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு நாளும் ஜன்னலில் நின்று பிளேடு முனகுவதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டவள் அவள். தன் கையாலேயே அவர் கையைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனாலும் புல்லட்டுக்குக் கோபம் அடங்கவில்லை.

“என் பொழைப்பே போகப் பாத்துது. ஆள் மெதுவாயிட்டான்னு மேனேஜர் சிரிக்கிறான். எல்லாம் உன்னால.”

“பொழைப்பு போனா போகட்டுமேங்க” என்றாள் அவள். “வீட்டுல மிக்ஸி போட்டாலே எழுந்து வெளிய போயிடறீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“யாரு, நானா? காத்து வாங்கப் போயிருப்பேன்!” என்று சொல்லிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் இருந்த பழைய வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரிடம் அவரே போய், “கோளாறைக் கண்டுபிடிச்சிட்டேன் சார். வயர் மாறிப் போச்சு, அவ்வளவுதான்” என்றார். யார் மாற்றியது என்று சொல்லவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை. “அப்படியா! சந்தோஷம். வாங்க, ஓட்டிக் காட்டுங்க” என்று கூடவே இறங்கி வந்தார். ஆம்புலன்ஸ் டிரைவரும் வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றான். புல்லட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிஷினைப் புல்வெளியின் ஓரத்தில் நிறுத்தினார். ஜன்னலைத் தட்டினார். உள்ளேயிருந்து அவள் பிளக்கைச் சொருகினாள். கண் வீங்கியிருந்தது.

சுவிட்சை அழுத்தினார். பிளேடு ஒரே மூச்சில் முழு வேகத்துக்கு எகிறியது. கைப்பிடி வழியாக அதிர்வு தோள்வரை ஏறியது. விரல் போன அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். அதற்குப் பிறகு இந்தப் புல்வெளியில் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தள்ளு என்று காலுக்குச் சொன்னார். கால் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். சூடு கண்ட பூனை என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் ஒன்றும் ஆகவில்லை. புல் அப்படியே நிற்க, மிஷின் ஒரே இடத்தில் நின்று அலறியது.

மேனேஜர் முதலில் சிரித்த முகமாக நின்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். பிறகு பக்கத்தில் வந்து, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

“என்ன, இன்னும் மெதுவாத்தான் சுத்துதா? மோட்டாரே போயிடுச்சோ என்னவோ. புது மிஷினுக்கு எழுதட்டுமா? அது வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாம், ஒண்ணும் அவசரம் இல்ல.”

‘ஆமா சார்’ என்று ஒரு வார்த்தை போதும். மேனேஜரே வாயில் ஊட்டிவிடுகிறார், விழுங்கினால் முடிந்தது. புது மிஷின் வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் புல் அவருடையது. ஜன்னலில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் என்ன சொல்லப் போகிறார் என்பதற்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

புல்லட் சுவிட்சை விட்டார். சத்தம் இறங்கி, இறங்கி, பிளேடு முழுக்க நிற்கிறவரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

“இல்ல சார். மிஷின் ஜோரா ஓடுது. எனக்குத்தான் பயமா இருக்கு” என்றார். “இந்தச் சத்தம் கேட்டா கை தானா மடங்கிக்குது சார். கால் வரமாட்டேங்குது. எம் பொண்டாட்டி கேட்டப்பகூட இல்லேன்னுட்டேன்.”